பென்டிரைவ் ஃபார்மேட் கேட்கிறதா? கேன்சல் கொடுத்துவிட்டு இதைப் படியுங்கள்

பென்டிரைவைச் சொருகியதும் "ஃபார்மேட் செய்தால்தான் பயன்படுத்த முடியும்" என்று விண்டோஸ் சொன்னால், உள்ளே இருந்ததெல்லாம் போய்விட்டது என்று அர்த்தமில்லை. எந்த ஃபைல் எங்கே கிடக்கிறது என்று குறித்து வைத்திருக்கும் அட்டவணையை விண்டோஸால் படிக்க முடியவில்லை, அவ்வளவுதான். ஃபைல்கள் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருக்கும். அவை நிஜமாகவே அழிவது அதற்குப் பிறகு நாம் செய்யும் வேலையால்தான். ஃபார்மேட் கொடுத்துப் பார்ப்பது, டிரைவைச் சரிபார்க்கும் விண்டோஸ் கருவியான செக்டிஸ்க்கை ஓட்டுவது, வீடியோவில் பார்த்த நாலு கட்டளையை வரிசையாக அடிப்பது, மீட்ட ஃபைலை அதே பென்டிரைவிலேயே சேமிப்பது, இவை நாலும்தான் காரியத்தைக் கெடுப்பவை.

பதறாத காரியம் சிதறாது என்பார்களே, அது இதற்கு அப்படியே பொருந்தும். பழுது எங்கே என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும். பிறகு பென்டிரைவை முழுசாக நகலெடுத்து, அந்த நகலில்தான் மீட்பு வேலை செய்ய வேண்டும். பென்டிரைவைச் சரிசெய்வது கடைசி வேலை. ஃபைல்கள் கைக்கு வந்துவிட்டால் அதைச் சரிசெய்யத்தான் வேண்டுமா என்பதே சந்தேகம்.

போர்ட்டை மாற்றிப் பாருங்கள்

சிபியூவின் முன்பக்கப் போர்ட்டை நம்ப வேண்டாம். அது ஒரு மெல்லிய ஒயர் வழியாக மதர்போர்டுக்குப் போகிறது. பின்பக்கப் போர்ட்டில் நேராகச் சொருகுங்கள், ஹப் வேண்டாம். வேறொரு சிஸ்டத்தில் பாருங்கள். ஓடிஜி கேபிள் இருந்தால் போனிலும் பார்க்கலாம். சில நேரம் விண்டோஸ் மறுக்கும் பென்டிரைவை ஆண்ட்ராய்டு படித்துவிடும். ஆனால் ஆண்ட்ராய்டும் ஃபார்மேட் கேட்கும், அங்கேயும் வேண்டாம் என்றே சொல்லுங்கள்.

சேலத்தில் அம்மாப்பேட்டை, குகை, கொண்டலாம்பட்டி, இளம்பிள்ளை பக்கம் தறிக்கூடத்தில் எலெக்ட்ரானிக் ஜக்கார்டு (துணியில் டிசைன் நெய்ய வைக்கும் கருவி) வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். தறி ஓடும் இடத்தில் பறக்கும் பஞ்சு ஜக்கார்டு கன்ட்ரோலரின் யுஎஸ்பி போர்ட்டுக்குள் போய், பென்டிரைவ் சொருகச் சொருக உள்ளே அழுந்தி, ஒரு மெத்தை மாதிரி படிந்துவிடும். பென்டிரைவ் முழுசாக உள்ளே போனது போலத் தெரியும், ஆனால் உலோகப் பின்கள் ஒன்றையொன்று தொடாது. கன்ட்ரோலரை அணைத்துவிட்டு மரப் பல்குச்சியால் கிளறி எடுங்கள். ஊசியோ சேஃப்டி பின்னோ கூடாது. வாயால் ஊதுவதும் கூடாது, எச்சில் ஈரம் பின்களை அரிக்கும். பென்டிரைவின் பின்களை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட காது பஞ்சுக்குச்சியால் துடைத்து, ஐந்து நிமிடம் காயவிட்டுச் சொருகுங்கள்.

டிஸ்க் மேனேஜ்மென்ட் என்ன சொல்கிறது

விண்டோஸ் பட்டனோடு எக்ஸ் அழுத்தினால் வரும் பட்டியலில் டிஸ்க் மேனேஜ்மென்ட் இருக்கும். அடுத்து என்ன செய்வது என்பதை இந்த ஒரு திரையே சொல்லிவிடும்.

பென்டிரைவ் சரியான அளவில், ஹெல்தி என்று தெரிகிறது, ஆனால் டிரைவ் எழுத்து இல்லையா? பிரச்சினையே இல்லை. ரைட் கிளிக் செய்து 'சேஞ்ச் டிரைவ் லெட்டர்' கொடுத்து ஒரு எழுத்தை ஒதுக்குங்கள். ஆபீஸில் நெட்வொர்க் டிரைவ் வைத்திருக்கும் சிஸ்டங்களில் ஒரே எழுத்துக்கு இரண்டும் மோதிக்கொள்வது வழக்கம்.

அளவு சரி, ஆனால் 'ரா' என்று காட்டுகிறதா? ஃபைல் சிஸ்டம், அதாவது முதலில் சொன்ன ஃபைல் அட்டவணை, கெட்டிருக்கிறது, சில்லு நன்றாக இருக்கிறது. மீட்புக்கு இதைவிட நல்ல நிலைமை கிடைக்காது. 'அன்அலொகேட்டட்' என்றால் பென்டிரைவின் இடம் எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்று சொல்லும் பார்ட்டிஷன் அட்டவணை போயிருக்கிறது. இதுவும் நல்ல நிலைமைதான்.

'நோ மீடியா', அல்லது 0 பைட் என்று காட்டினால் கதை வேறு. பென்டிரைவுக்குள் இரண்டு முக்கிய உறுப்புகள் உண்டு. கணினியோடு பேசும் கன்ட்ரோலர் ஒன்று, டேட்டாவைத் தாங்கும் நாண்ட் ஃபிளாஷ் சில்லு இன்னொன்று. நோ மீடியா என்றால் கன்ட்ரோலர் உயிரோடு இருக்கிறது, ஆனால் நாண்டைத் தொட அதற்கு முடியவில்லை. பெயர் மாறி, 32 ஜிபி பென்டிரைவ் சில எம்பி என்று காட்டுவதும் இதே வகை, கன்ட்ரோலர் தன்னை இயக்கும் ஃபர்ம்வேரைத் தொலைத்துவிட்டது. இந்த நிலையில் எந்த ரெகவரி சாஃப்ட்வேரும் உதவாது. படிக்க ஒரு செக்டார்கூட (சேமிப்பிடத்தின் சிறு துண்டு) கிடைக்காதபோது சாஃப்ட்வேர் எதைப் படிக்கும்? "எல்லாப் பென்டிரைவையும் மீட்கும்" என்று காசு கேட்கும் சாஃப்ட்வேரை இந்த இடத்தில் வாங்கி ஏமாறாதீர்கள். கிராக் செய்த பதிப்பைத் தேடிப்போனால் வைரஸ் இலவசமாக வரும்.

டிவைஸ் மேனேஜரில் 'டிவைஸ் டிஸ்கிரிப்டர் ரிக்வெஸ்ட் ஃபெயில்டு', கோடு 43 என்று வந்தால் டேட்டா லைனிலோ கன்ட்ரோலரிலோ பழுது. சத்தமும் இல்லை, விளக்கும் எரியவில்லை என்றால் மின்சாரமே போய்ச் சேரவில்லை. இந்த இரண்டுக்கும் கீழே 'வளைந்தது, உடைந்தது, நனைந்தது' பகுதிக்குப் போங்கள்.

எல்லாம் ஷார்ட்கட்டாகத் தெரிந்தால்

ஜெராக்ஸ் கடை, பிரவுசிங் சென்டர் போய் வந்த பென்டிரைவில் இது நிறைய. கலெக்டர் ஆபீஸ் பக்கமோ காலேஜ் வாசலிலோ நாள் முழுக்க நூறு பேர் பென்டிரைவ் சொருகும் ஒரே சிஸ்டம் என்றால் பிறகு என்ன ஆகும்? திறந்தால் ஃபோல்டருக்குப் பதில் ஷார்ட்கட் நிற்கும், அல்லது ஒன்றுமே இருக்காது. ஆனால் பிராப்பர்ட்டீஸில் 'யூஸ்டு ஸ்பேஸ்' நிறைந்தே இருக்கும். ஃபைல் எதுவும் அழியவில்லை, வைரஸ் அவற்றுக்கு மறைப்பு, சிஸ்டம் என்ற இரண்டு அடையாளங்களைப் போட்டுவிட்டது. இதற்கு ரெகவரி சாஃப்ட்வேர் ஓட்டுவது வீண்.

ஷார்ட்கட்டை இரட்டைக் கிளிக் செய்யாதீர்கள், அதுதான் வைரஸை ஓட்டும் பொத்தான். சுத்தமான சிஸ்டத்தில் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து இந்தக் கட்டளையை அடியுங்கள். முதலில் 'அட்ரிப்', ஆங்கிலத்தில் ஏ, டி, டி, ஆர், ஐ, பி. இடைவெளி விட்டு மைனஸ் ஹெச், இடைவெளி, மைனஸ் ஆர், இடைவெளி, மைனஸ் எஸ். பிறகு இடைவெளி, டிரைவ் எழுத்து, கோலன், பின்சாய்வுக் கோடு, நட்சத்திரம், புள்ளி, நட்சத்திரம். கடைசியில் இடைவெளி, முன்சாய்வுக் கோடு எஸ், இடைவெளி, முன்சாய்வுக் கோடு டி. என்டர் தட்டினால் ஃபோல்டர்கள் வரிசையாகத் திரும்பி வரும். சில வகை வைரஸ் எல்லாவற்றையும் பெயரே இல்லாத ஒரு ஃபோல்டருக்குள் தள்ளி வைத்திருக்கும். அதைத் திறந்து, வேண்டியதை மட்டும் வேறு டிரைவுக்குக் காப்பி செய்யுங்கள். ஷார்ட்கட்களையும், விபிஎஸ் என்று முடியும் ஃபைல்களையும் தொடாமல் விட்டுவிட்டு, காப்பி முடிந்ததும் பென்டிரைவை ஃபார்மேட் செய்துவிடலாம். லினக்ஸ் சிஸ்டம் கைவசம் இருந்தால் கட்டளையே தேவையில்லை. அந்த மறைப்பு அடையாளத்தை லினக்ஸ் கண்டுகொள்ளாது, எல்லாம் அப்படியே தெரியும்.

முழு நகல்

ரா, அன்அலொகேட்டட், திறக்கும்போது பாதியில் தொங்குவது, 'கரப்டட் அண்ட் அன்ரீடபிள்' என்று வருவது, இவை எல்லாவற்றுக்கும் முதல் வேலை இமேஜ் எடுப்பதுதான். பென்டிரைவின் முதல் செக்டாரிலிருந்து கடைசி செக்டார் வரை அப்படியே ஒரே ஃபைலாக ஹார்டு டிஸ்க்கில் இறக்குவதைத்தான் இமேஜ் என்கிறோம். இதைச் செய்யாமல் நேராகப் பென்டிரைவில் ரெகவரி ஓட்டினால், சாகக் கிடக்கும் சில்லைத் திரும்பத் திரும்பப் படிக்க வைக்கிறோம். ஒவ்வொரு சாஃப்ட்வேரும் முதலிலிருந்து படிக்கும். இமேஜ் இருந்தால் பென்டிரைவ் ஒரே ஒரு முறை உழைத்தால் போதும். நாம் எத்தனை தவறு செய்தாலும் மூலம் பத்திரமாக இருக்கும்.

இடம் எவ்வளவு வேண்டும்? பென்டிரைவின் முழு அளவு வேண்டும், அதில் 2 ஜிபி டேட்டாதான் இருந்தது என்றாலும் சரி. 32 ஜிபி என்று அச்சிட்டது விண்டோஸ் கணக்கில் 29.8 ஜிபி. மீட்ட ஃபைல்களுக்கும் சேர்த்து ஹார்டு டிஸ்க்கில் அதன் இரண்டு மடங்கு காலியாக வைத்துக்கொள்ளுங்கள். யுஎஸ்பி 2.0 பென்டிரைவ் நொடிக்கு 25 எம்பி கொடுத்தால் 32 ஜிபி இறங்க இருபது நிமிடம் ஆகும். கெட்ட செக்டார் இருந்தால் மணிக்கணக்காகும், விட்டுவிடுங்கள். டெஸ்க்டாப் என்றால் யுபிஎஸ் இருக்கட்டும், லேப்டாப் என்றால் சார்ஜர் இருக்கட்டும். கரண்ட் நிறுத்தம் அறிவித்த நாளிலும், ஏற்காட்டில் கோடை மழை இடித்துக்கொண்டிருக்கும் மாலையிலும் இந்த வேலையைத் தொடங்காதீர்கள்.

பென்டிரைவ் தடங்கல் இல்லாமல் படிக்கிறது என்றால் விண்டோஸிலேயே 'வின்32 டிஸ்க் இமேஜர்' போதும். அதில் இரண்டு பட்டன் அருகருகே இருக்கும். 'ரீட்' பென்டிரைவிலிருந்து இமேஜ் எடுக்கும். 'ரைட்' இமேஜைப் பென்டிரைவில் எழுதி எல்லாவற்றையும் அழிக்கும். ஒருமுறைக்கு இருமுறை பார்த்து அழுத்துங்கள். கெட்ட செக்டார் வந்தால் இது பிழை காட்டி நின்றுவிடும்.

அப்படி நிற்கும் பென்டிரைவுக்கு 'டிடிரெஸ்க்யூ' என்ற இலவச லினக்ஸ் கருவிதான் சரி. 'சிஸ்டம்ரெஸ்க்யூ' என்ற, நிறுவாமலே ஓடும் லைவ் லினக்ஸை இன்னொரு நல்ல பென்டிரைவில் போட்டு பூட் செய்தால் இதுவும், பின்னால் வரும் டெஸ்ட்டிஸ்க்கும் போட்டோரெக்கும் அதிலேயே இருக்கும். உபுண்டுவில் நிறுவுபவர்கள் கவனிக்க: பேக்கேஜின் பெயர் முன்னால் ஒரு ஜி சேர்த்து 'ஜிடிடிரெஸ்க்யூ', ஆனால் அடிக்கும் கட்டளையில் அந்த ஜி கிடையாது.

கெட்ட பென்டிரைவைச் சொருகி, 'எல்எஸ்பிஎல்கே' கட்டளையில் அளவை வைத்து அதன் பெயரை அடையாளம் காணுங்கள். எஸ்டிபி, எஸ்டிசி என்பது போல இருக்கும். லினக்ஸ் தானாக மவுன்ட் செய்திருந்தால் (திறந்து வைத்திருந்தால்) அன்மவுன்ட் செய்துவிடுங்கள். பிறகு கட்டளையின் வரிசை இது: டிடிரெஸ்க்யூ, மைனஸ் டி, மைனஸ் என், பென்டிரைவின் பெயர், இமேஜ் ஃபைலின் பெயர், மேப் ஃபைலின் பெயர். மூலம் முதலில், நகல் பிறகு. இது மாறினால் எல்லாம் போச்சு. மைனஸ் என் கொடுப்பதால் முதல் ஓட்டத்தில் எளிதாக வருவதை அள்ளிக்கொண்டு கஷ்டமான இடங்களை விட்டுவிட்டுப் போகும். இரண்டாவது ஓட்டத்தில் மைனஸ் என்-னை எடுத்துவிட்டு மைனஸ் ஆர் 3 என்று கொடுத்தால் விட்டுப்போன இடங்களை மூன்று முறை முயலும்.

எதைப் படித்தாயிற்று, எது விட்டுப்போனது என்று குறித்து வைப்பது மேப் ஃபைல்தான், அதை ஒருபோதும் தவிர்க்காதீர்கள். கெட்ட பென்டிரைவ் நடுவில் தொங்கும், சூடாகும், காணாமல் போகும். அப்போது கன்ட்ரோல் சி அழுத்தி நிறுத்தி, பென்டிரைவைப் பிடுங்கி, பத்து நிமிடம் ஆறவிட்டு, மீண்டும் சொருகி அதே கட்டளையைக் கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். மீண்டும் சொருகும்போது எஸ்டிபி என்பது எஸ்டிசி ஆகியிருக்கலாம். எல்எஸ்பிஎல்கே பார்த்துவிட்டே என்டர் தட்டுங்கள்.

இமேஜிலிருந்து ஃபைல்களை எடுப்பது

கிறிஸ்டோஃப் கிரெனியே எழுதிய டெஸ்ட்டிஸ்க், போட்டோரெக் இரண்டும் இலவசம், சேர்ந்தே வரும். எப்போதும் டெஸ்ட்டிஸ்க்தான் முதலில். காரணம், அது ஃபைல் பெயரோடும் ஃபோல்டரோடும் எடுத்துக் கொடுக்கும். போட்டோரெக்கால் அது முடியாது.

கட்டளையில் டெஸ்ட்டிஸ்க் என்று அடித்து இடைவெளி விட்டு இமேஜின் பெயரைக் கொடுங்கள். புரொசீட், பிறகு பார்ட்டிஷன் வகை கேட்கும். பெரும்பாலான பென்டிரைவுக்கு 'இன்டெல்', பார்ட்டிஷன் அட்டவணையே இல்லாத பென்டிரைவுக்கு 'நன்'. அனலைஸ், குயிக் சர்ச். பார்ட்டிஷன் தெரிந்ததும் ஆங்கிலப் பி எழுத்தை அழுத்தினால் ஃபைல் பட்டியல் வரும். வந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. சிறிய ஏ அழுத்தினால் எல்லாம் தேர்வாகும், பெரிய சி அழுத்தினால் காப்பி ஆகும். எங்கே காப்பி செய்வது என்று கேட்கும்போது ஹார்டு டிஸ்க்கில் ஒரு புது ஃபோல்டரைக் காட்டுங்கள். தமிழில் பெயர் வைத்த ஃபைல்கள் திரையில் கேள்விக்குறியாகத் தெரியலாம், பயப்பட வேண்டாம்.

பார்ட்டிஷன் தெரிகிறது, பட்டியல் வரவில்லை என்றால் அட்வான்ஸ்டு, பூட் என்று போங்கள். ஃபேட்32 என்ற ஃபைல் சிஸ்டம் தன் பூட் செக்டாரின், அதாவது தொடக்க செக்டாரின், இன்னொரு நகலை 6-ஆவது செக்டாரில் வைத்திருக்கும். என்டிஎஃப்எஸ் அதைப் பார்ட்டிஷனின் கடைசியில் வைக்கும். 'பூட் செக்டார் பேட், பேக்கப் ஓகே' என்று காட்டினால் 'பேக்கப் பிஎஸ்' கொடுங்கள், நகலை எடுத்து முதல் செக்டாரில் போட்டுவிடும். ஃபார்மேட் கேட்கும் பென்டிரைவுகள் பல இந்த ஒரு அழுத்தத்தில் உயிர் பெறும். செய்வது இமேஜில்தானே, கை நடுங்க வேண்டியதில்லை. ஆனாலும் அதற்கு முன் இமேஜை ஒரு காப்பி போட்டுக்கொள்ளுங்கள்.

டெஸ்ட்டிஸ்க் கைவிரித்தால் டிஎம்டிஇ என்ற சாஃப்ட்வேரைப் பாருங்கள். விண்டோஸில் ஓடும். அட்டவணை சிதைந்த இடத்திலும் ஃபோல்டர் துண்டுகளைப் பொறுக்கிச் சேர்ப்பதில் கெட்டி. இலவசப் பதிப்பில் ஒரு ஃபோல்டரிலிருந்து ஒரு தடவைக்கு 4,000 ஃபைல் வரை எடுக்கலாம். வீட்டு வேலைக்கு அது தாராளம்.

கடைசி ஆயுதம் போட்டோரெக். இது அட்டவணையைப் பார்ப்பதே இல்லை. ஒவ்வொரு செக்டாரின் தொடக்கத்தையும் பார்த்து, எஃப்எஃப் டி8 எஃப்எஃப் என்று தொடங்கினால் ஜேபெக் படம், சதவீதக் குறியும் பிடிஎஃப் எழுத்தும் இருந்தால் பிடிஎஃப் என்று தன் போக்கில் வெட்டி எடுக்கும். ஆகவே பெயர் இருக்காது, எஃப் எழுத்தும் எண்களுமாக வரும். ஃபோல்டர் இருக்காது, 500 ஃபைலுக்கு ஒரு ஃபோல்டராகக் கொட்டும். 'ஃபைல் ஆப்ட்' என்ற இடத்தில் எஸ் அழுத்தி எல்லா வகைகளையும் நீக்கிவிட்டு, தேவையான இரண்டு மூன்றை மட்டும் தேர்வு செய்யுங்கள், குப்பை குறையும். ஃபைல் சிஸ்டம் கேட்கும்போது 'அதர்', தேடும் இடம் கேட்கும்போது 'ஹோல்'. துண்டு துண்டாக எழுதப்பட்ட பெரிய வீடியோக்கள் முழுசாக வராது, கல்யாண வீடியோ பாதியில் நிற்பதும் போட்டோவின் அடிப்பகுதி சாம்பல் நிறமாக வருவதும் இதனால்தான்.

தறி டிசைனும் எம்பிராய்டரியும்

சேலத்தில் பென்டிரைவ் போனால் பதறுபவர்களில் புடவை டிசைன் வைத்திருப்பவர்களை மறக்க முடியாது. ஜக்கார்டு கன்ட்ரோலருக்குப் போகும் ஃபைல் ஒவ்வொரு தயாரிப்பாளருக்கும் ஒரு மாதிரி இருக்கும். ஸ்டாபிளி இயந்திரத்துக்கு ஜேசி5, மற்றவற்றுக்கு வேறு. இவற்றைப் போட்டோரெக்குக்கு அடையாளம் தெரியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். டிசைனரிடம் மூல பிஎம்பி படம் இருந்தால் அதிலிருந்து மறுபடி உருவாக்குவது சில நேரம் மீட்பதைவிடச் சீக்கிரம் முடியும். முதலில் அவருக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள். மூலம் இல்லை என்றால் டெஸ்ட்டிஸ்க், டிஎம்டிஇ வழியில்தான் முழு முயற்சியையும் போட வேண்டும்.

அடையாளம் தெரியாத வகைக்கும் ஒரு வழி உண்டு. போட்டோரெக்குக்கு நாமே அடையாளம் சொல்லித்தரலாம். 'போட்டோரெக்' என்ற பெயரும் 'எஸ்ஐஜி' என்ற முடிவும் கொண்ட ஒரு சாதா டெக்ஸ்ட் ஃபைலைப் போட்டோரெக்கை ஓட்டும் ஃபோல்டரில் வையுங்கள். அதில் வகைக்கு ஒரு வரி போதும். முதலில் ஃபைலின் எக்ஸ்டென்ஷன், அடுத்து அடையாளம் தொடங்கும் இடம், அடுத்து மேற்கோள் குறிக்குள் அந்த அடையாளம். கம்ப்யூட்டர் எம்பிராய்டரிக்குப் போகும் டிஎஸ்டி ஃபைலை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் முதல் 512 பைட் தலைப்புப் பகுதி. நோட்பேடில் திறந்தால் முதல் மூன்று எழுத்தே எல், ஏ, கோலன் என்று படிக்கும்படி இருக்கும். பக்கத்திலேயே டிசைன் பெயர், அதற்கு அடுத்து எஸ், டி, கோலன் என்று தையல் எண்ணிக்கை. ஆக, டிஎஸ்டி, இடைவெளி, 0, இடைவெளி, "எல்ஏ:" என்று ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதினால் போதும். பெயர் தொலைந்து வந்தாலும் தலைப்பிலேயே டிசைன் பெயர் இருப்பதால் எது எதுவென்று கண்டுபிடித்துவிடலாம். மற்ற வகைக்கு, கெடாத இரண்டு மூன்று ஃபைல்களை, பைட்டுகளை அப்படியே காட்டும் ஹெக்ஸ் எடிட்டரில் அருகருகே திறந்து, தொடக்கத்தில் எல்லாவற்றிலும் மாறாமல் இருக்கும் பைட்டுகள் எவை என்று பாருங்கள். அதுதான் அடையாளம். இந்த வகையில் ஃபைல் எங்கே முடிகிறது என்று போட்டோரெக்குக்குத் தெரியாது, கடைசியில் வால் நீண்டு வரலாம்.

வளைந்தது, உடைந்தது, நனைந்தது

லேப்டாப்பில் சொருகியிருக்கும்போது கை இடித்து வளைந்த பென்டிரைவுக்குள் பெரும்பாலும் போனது கனெக்டரின் நாலு சால்டர் முனைதான், சில்லு நன்றாகவே இருக்கும். கையால் அழுத்திப் பிடித்தால் வேலை செய்கிறதே என்று அப்படியே காப்பி செய்ய முயலாதீர்கள். தொடர்பு விட்டு விட்டு வந்தால் கன்ட்ரோலர் தன் அட்டவணையை எழுதும்போது வெட்டுப்பட்டு, சால்டர் பழுது ஃபர்ம்வேர் பழுதாகிவிடும்.

கூட்டைப் பிளந்து உருப்பெருக்கியில் பாருங்கள். உள்ளே தனிச் சில்லுகள் இல்லாமல் ஒரே கறுப்புப் பட்டையாக இருந்தால் அது மோனோலித் வகை. நகம் அளவுள்ள குட்டிப் பென்டிரைவுகள் பல இப்படித்தான் இருக்கும். அதை வீட்டில் தொட வேண்டாம். பச்சைப் போர்டும் சில்லுகளும் தெரிந்தால் தொடர்ந்து படியுங்கள்.

கனெக்டரில் ஓரத்துப் பின் 1-இல் 5 வோல்ட், 2-இல் டேட்டா மைனஸ், 3-இல் டேட்டா பிளஸ், 4-இல் கிரவுண்ட். பேடு (போர்டில் பின்னைச் சால்டர் செய்திருக்கும் இடம்) பிய்ந்திருக்காவிட்டால் ஃபிளக்ஸ் தடவி, 60/40 ஈயத்தோடு, 320 முதல் 350 டிகிரியில், ஒரு முனைக்கு இரண்டு நொடிக்கு மேல் போகாமல் பழைய ஈயத்தை உருக்கி உட்காரவைத்தாலே போதும். கனெக்டரே உடைந்திருந்தால் பழைய யுஎஸ்பி கேபிளை வெட்டி நாலு ஒயரையும் நேராகப் பேடில் வையுங்கள், ஒயர் 10 சென்டிமீட்டருக்கு மேல் வேண்டாம். வழக்கப்படி சிவப்பு 5 வோல்ட், வெள்ளை மைனஸ், பச்சை பிளஸ், கறுப்பு கிரவுண்ட். மலிவுக் கேபிளில் நிறம் மாறியிருக்கும், மல்டிமீட்டரில் ஒவ்வொன்றாகப் பார்த்துவிடுங்கள். 5 வோல்ட்டும் கிரவுண்டும் தலைகீழானால் கன்ட்ரோலர் அந்த நொடியே போய்விடும்.

சொருகும் முன் 5 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே மல்டிமீட்டரின் பஸ்ஸர் வைத்துப் பாருங்கள். கீச் என்றால் ஷார்ட், சொருகவே கூடாது. இல்லையென்றால் லேப்டாப்பில் நேராகச் சொருகாமல், தனி அடாப்டர் உள்ள ஹப் வழியாகச் சொருகுங்கள். கூடு மாட்டி அழகு பார்க்காமல் உடனே இமேஜ் எடுங்கள். மின்சாரம் வந்தும் கணினி கண்டுகொள்ளவில்லை என்றால் ரெகுலேட்டரின் வெளியீட்டில் 3.3 வோல்ட் இருக்கிறதா என்று பாருங்கள். கீழே விழுந்த பென்டிரைவில் வெள்ளி நிறக் கிரிஸ்டல் உள்ளே உடைந்திருப்பதும் உண்டு. மேலே அச்சிட்ட அதே மெகாஹெர்ட்ஸில், பெரும்பாலும் 12, வேறொரு போர்டிலிருந்து எடுத்து மாற்றலாம்.

ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். மழைக்காலத்தில் மூடுபனி வீட்டுக்குள்ளேயே வந்துபோகும். எஸ்டேட் ஆபீஸ் மேஜை டிராயரில் வருடக்கணக்கில் கிடந்த பென்டிரைவின் பின்னில் பச்சை பூத்திருந்தால் சொருகாதீர்கள். ஈரம் இருக்கும்போது மின்சாரம் பாய்ந்தால் அரிப்பு பல மடங்கு வேகமாகும். கூட்டைப் பிரித்து, 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் மென்மையான பிரஷ்ஷால் தேய்த்து, ஒரு நாள் உலரவிடுங்கள். அரிசியில் புதைப்பதால் பிரயோசனம் இல்லை, அரிசி மாவுத்தூசிதான் உள்ளே போகும். ஹேர் டிரையரும் வேண்டாம். மிஷினில் துவைத்த சட்டைப் பையிலிருந்து வந்த பென்டிரைவுக்கும் இதே வைத்தியம்தான். நனைந்த பென்டிரைவைக் கெடுப்பது தண்ணீரைவிட அவசரமாகச் சொருகிப் பார்ப்பதுதான்.

நோ மீடியா காட்டும் பென்டிரைவில் டேட்டா உயிருக்கு நிகரானது என்றால், சில்லைக் கழற்றித் தனிக் கருவியில் படிக்கும் லேபுக்குத்தான் அனுப்ப வேண்டும். சென்னை, பெங்களூருவில் இருக்கிறார்கள். அதே மாடல் பென்டிரைவை வாங்கிச் சில்லை மாற்றிப் போடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஒரே பெயரில் விற்கும் பென்டிரைவுக்குள் வேறு வேறு கன்ட்ரோலர் இருக்கும். நாண்டில் டேட்டா கலைத்துப் போட்டுத்தான் எழுதப்பட்டிருக்கும், எழுதிய கன்ட்ரோலருக்குத்தான் அது விளங்கும். கன்ட்ரோலரைத் திரும்ப எழுதும் 'மாஸ் புரொடக்‌ஷன் டூல்' பென்டிரைவைப் பிழைக்கவைக்கும், டேட்டாவைத் துடைத்துவிடும். டேட்டா வேண்டாம் என்றால் மட்டும் அந்தப் பக்கம் போங்கள். கடையிலோ லேபிலோ கொடுக்கும்போது ஆதார், பேங்க் பாஸ்புக் ஸ்கேன் உள்ளே இருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள். மீட்ட பிறகு அவர்கள் சிஸ்டத்தில் இருக்கும் நகலை உங்கள் முன்னாலேயே அழிக்கச் சொல்லிக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஏற்கெனவே ஃபார்மேட் கொடுத்துவிட்டவர்களுக்கு

'குயிக் ஃபார்மேட்' டிக் இருந்ததா என்று நினைத்துப் பாருங்கள். இருந்தால் அட்டவணை மட்டும்தான் புதிதாகியிருக்கிறது. பெரும்பாலான பென்டிரைவுகளில் எஸ்எஸ்டி போல அழித்த இடத்தைத் தானாகக் காலிசெய்யும் வசதி கிடையாது. ஆகவே டேட்டா இருக்கும், இமேஜ் எடுத்து டிஎம்டிஇ அல்லது போட்டோரெக் ஓட்டலாம். டிக் எடுத்துவிட்டு முழு ஃபார்மேட் ஓடி முடிந்திருந்தால் விண்டோஸ் விஸ்டாவிலிருந்து அது எல்லா செக்டாரிலும் பூஜ்யத்தை எழுதுகிறது. தேட ஒன்றும் மிச்சமில்லை. செக்டிஸ்க் ஓட்டிவிட்டீர்கள் என்றால் 'ஃபவுண்ட் 000' என்ற ஃபோல்டரில் சிஹெச்கே என்று முடியும் ஃபைல்கள் நிற்கும். அவை அறுந்துபோன ஃபைல் துண்டுகள், அழித்துவிடாதீர்கள். பிட்லாக்கர் போட்ட பென்டிரைவுக்கு 48 இலக்க ரெகவரி கீ அல்லது பாஸ்வேர்டு இல்லாமல் மேலே சொன்ன எதுவும் பயன்படாது.

இனி அந்தப் பென்டிரைவை என்ன செய்வது

எழுத விடாமல் 'ரைட் புரொடெக்டட்' என்று சொல்லும் பென்டிரைவுக்கு முதலில் பக்கவாட்டு ஸ்விட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு விண்டோஸின் டிஸ்க்பார்ட் என்ற கட்டளைக் கருவியில் 'அட்ரிபியூட்ஸ் டிஸ்க் கிளியர் ரீட்ஒன்லி' கட்டளையைக் கொடுங்கள். இரண்டும் கேட்கவில்லை என்றால் மாற்று சில்லுப் பகுதிகள் தீர்ந்து கன்ட்ரோலரே பூட்டுப் போட்டுக்கொண்டது என்று அர்த்தம். படிக்க விடும் வரை காப்பி எடுத்துக்கொண்டு தூக்கிப் போடுங்கள். டிடிரெஸ்க்யூ கெட்ட செக்டார் காட்டிய பென்டிரைவும் அப்படியே. சில நூறு ரூபாய்ப் பொருளில் இன்னொரு முறை டேட்டாவை அடகு வைக்க வேண்டாம்.

தள்ளுவண்டியில், ஆன்லைனில் சல்லிசாகக் கிடைத்த 1 டிபி, 2 டிபி பென்டிரைவ் என்றால் அது போலியாக இருக்க எல்லா வாய்ப்பும் உண்டு. உள்ளே சிறிய சில்லை வைத்துப் பெரிய அளவைக் காட்டும்படி கன்ட்ரோலரில் எழுதியிருப்பார்கள். நிஜ அளவைத் தாண்டி எழுதியது எங்கேயும் பதிவாவதில்லை. பெயர் தெரியும், திறந்தால் காலி. அதை எந்த லேபாலும் மீட்க முடியாது. வாங்கியவுடன் 'ஹெச்2டெஸ்ட்டபிள்யூ' ஓட்டி முழு அளவுக்கும் எழுதிப் படித்துப் பார்த்துவிடுங்கள்.

சில்லு நன்றாக இருந்து ஃபைல் சிஸ்டம் மட்டும் கெட்டிருந்ததா? மீட்ட ஃபைல்களில் நாலைந்தைத் திறந்து பார்த்து, கடைசிப் பக்கம் வரை வருகிறதா என்று உறுதி செய்த பிறகு, டிஸ்க்பார்ட்டில் 'லிஸ்ட் டிஸ்க்' கொடுத்து, அளவு பார்த்து, 'செலக்ட் டிஸ்க்' எண் கொடுத்து, 'கிளீன்', பிறகு 'கிரியேட் பார்ட்டிஷன் பிரைமரி', அதற்குப் பிறகு ஃபார்மேட். எண் தவறினால் ஹார்டு டிஸ்க் காலியாகும், இங்கே மட்டும் மூன்று முறை பாருங்கள். 4 ஜிபிக்கு மேல் ஒரே வீடியோ போட வேண்டுமென்றால் எக்ஸ்ஃபேட், அந்த அளவு ஃபேட்32-க்குள் போகாது.

தறி கன்ட்ரோலருக்கும் எம்பிராய்டரி மிஷினுக்கும் ஃபேட்32-தான், பழைய கன்ட்ரோலர்கள் பலவற்றுக்கு வேறெதுவும் தெரியாது. 8 அல்லது 16 ஜிபி போதும். டிசைன் பெயரை ஆங்கிலத்தில் எட்டு எழுத்துக்குள், இடைவெளி இல்லாமல் வையுங்கள். கன்ட்ரோலர் டிசைனை ஏற்றும்போது விளக்கு மின்னுவது நிற்கும் வரை பென்டிரைவைப் பிடுங்க வேண்டாம், தறியை நிறுத்த வேண்டியிருந்தாலும் சரி. ஏற்றி முடிந்ததும் அதைத் தறியிலேயே விட்டுவைக்காமல் மூடி போட்டு, ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு டப்பாவில் போட்டுவிடுங்கள், அதே டிசைனின் இன்னொரு நகல் டிசைனரின் சிஸ்டத்தில் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு.